கட்டிய அரங்கும் கட்டப்போகும் அரங்கும்: 2030, 2034 உலகக் கிண்ணத் தெரிவுகள்

மட்டக்களப்பில் உதைபந்தாட்டம் பேசுவோர் 2030, 2034 உலகக் கிண்ணங்களை நடத்தப்போகும் நாடுகளை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது ஆட்டம் தொடங்கும் நேரத்தைத்தான். அந்தக் கணக்கில் சவூதி அரேபியாவே முந்துகிறது. 2022 உலகக் கிண்ணத்தை நடத்திய கட்டாரும் சவூதியும் ஒரே மணிக்கணக்கில் இயங்குபவை. 2022 இல் குழுநிலை ஆட்டங்களை நாம் பிற்பகல் 3.30 முதல் பார்த்தோம், கடைசி ஆட்டம் மட்டுமே நள்ளிரவு 12.30 க்குப் போனது. ஸ்பெயினில் கோடைகாலத்தில் இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டமோ இங்கே நள்ளிரவைத் தாண்டிவிடும். ஆனால் இது நமது வசதி பற்றிய கணக்கு மட்டுமே. நடத்தும் நாட்டின் தகுதியை இதை வைத்து அளக்க முடியாது.

இரண்டு தெரிவுகளும் 2024 டிசம்பர் 11 ஆம் திகதி இணையவழியில் கூடிய, உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் பீபாவின் பேரவையில் ஒருங்கே நிறைவேறின. 2030 ஆம் ஆண்டுப் போட்டி மொரோக்கோ, ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய நாடுகளுக்குச் சென்றது. 1930 இல் முதல் உலகக் கிண்ணத்தை நடத்திய உருகுவேயுக்கும், ஆர்ஜென்டீனா, பரகுவே ஆகியவற்றுக்கும் நூற்றாண்டு நினைவாக ஒவ்வோர் ஆட்டம் ஒதுக்கப்பட்டது. 2034 சவூதிக்குக் கிடைத்தது. 211 உறுப்புச் சங்கங்களும் நாடு நாடாக வாக்களிக்காமல் கைதட்டி ஏற்றுக்கொண்டன. ஏனெனில் இரண்டிலும் களத்தில் எதிர்விண்ணப்பம் இருக்கவில்லை. கண்டங்கள் முறைவைத்து நடத்தும் ஏற்பாட்டில், 2030 ஐ ஆறு நாடுகளுக்குப் பகிர்ந்தளித்ததால் ஐரோப்பா, ஆபிரிக்கா, தென் அமெரிக்கா மூன்றும் ஒரே தடவையில் முறை முடித்துக்கொண்டன; வட அமெரிக்காவுக்கு ஏற்கெனவே 2026 கிடைத்திருந்தது. 2034 க்கு எஞ்சியவை ஆசியாவும் ஓசியானியாவும். 2023 ஒக்டோபர் 4 ஆம் திகதி அழைப்பு விடுத்து, அம்மாத இறுதிக்குள் விருப்பம் தெரிவிக்குமாறு பீபா கேட்டது. அவுஸ்திரேலியா கடைசி நாளில் ஒதுங்கிக்கொண்டது. நமது பிரதேச சபையின் ஒரு வீதி வேலைக்கு ஒரேயொரு கேள்விப்பத்திரம் வந்தாலே கணக்காய்வில் கேள்வி எழும். நூற்றாண்டு நினைவு என்ற அழகான காரணத்தின் பின்னால் 2034 க்கான போட்டி அடைபட்டுப்போனது என்பதே என் கருத்து.

அரங்குகளை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள் என்ற வடிவத்துக்குக் குறைந்தது 14 அரங்குகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் 40,000 பேராவது அமர வேண்டும், இறுதியாட்டத்துக்கு 80,000 இருக்கைகள் தேவை. போர்த்துக்கல் முன்வைத்த மூன்று அரங்குகளும், அதாவது லிஸ்பனின் இரண்டும் போர்ட்டோவின் ஒன்றும், 2004 ஐரோப்பியக் கிண்ணத்துக்காகக் கட்டப்பட்டு, பெரிய கழகங்கள் வாராவாரம் விளையாடிவரும் இடங்கள். அதே போட்டிக்காக லெய்ரியாவிலும் அவெய்ரோவிலும் எழுப்பிய அரங்குகள் பின்னர் நகரசபைகளுக்குப் பராமரிப்புச் சுமையாகிப்போயின. அவற்றை இம்முறை பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஸ்பெயினிடம் மட்ரிட், பார்சலோனா அரங்குகள் நிற்கின்றன. பெரும் புதுக்கட்டடம் மொரோக்கோவின் பக்கமே: கசபிளாங்காவுக்கு அருகே 115,000 பேருக்கான அரங்கு. சவூதியின் பட்டியலில் உள்ள 15 அரங்குகளில் 11 புதியவை. எட்டு ரியாதில் மட்டும். சவூதி புதிதாகக் கட்டும் நியோம் நகரில் தரையிலிருந்து 350 மீற்றர் உயரத்தில் ஓர் அரங்கு வரும் என்றும் அந்த விண்ணப்பம் சொல்கிறது.

இங்கேதான் மதிப்பெண் பற்றிய கேள்வி வருகிறது. 2026 க்காக 2018 இல் விண்ணப்பித்த மொரோக்கோ, 14 அரங்குகளில் ஒன்பதைப் புதிதாகக் கட்டவும் ஐந்தைத் திருத்தவும் திட்டமிட்டிருந்தது. பீபாவின் மதிப்பீட்டுக் குழு அதற்கு 500 க்கு 274.9 புள்ளிகளே கொடுத்து, அரங்கு, தங்குமிடம், போக்குவரத்து மூன்றையும் உயர் ஆபத்தாகக் குறித்தது. பெரும்பாலும் வரைபடத்தில் இருந்த சவூதியின் விண்ணப்பத்துக்கோ 419.8 கிடைத்தது. 2026 ஐ வென்ற வட அமெரிக்கக் கூட்டு விண்ணப்பத்தின் 402.8 ஐயும் அது தாண்டியது. ஆயத்தத்துக்குப் பத்தாண்டு அவகாசமும் பெரும் பணமும் சவூதியிடம் உள்ளன என்பது உண்மைதான். ஆயினும் மொரோக்கோவிடம் குறையாகப் பார்த்ததைச் சவூதியிடம் வாக்குறுதியாக ஏற்ற அளவுகோலை நம்புவது கடினம்.

கிழக்கு மாகாணத்தவருக்கு வேறொரு விடயம் அதைவிட நெருக்கமானது. ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என எங்கு போனாலும் வளைகுடாவில் ஒருவராவது உழைக்காத தெரு இல்லை, படுவான்கரையிலும் அப்படியே. இங்கே ஏஜென்சியில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் 'மேசன்' என்று இருக்கும். அங்கே இறங்கிய பின் நீட்டப்படும் தாளில் 'லேபர்' என்று இருக்கும், அடிப்படைச் சம்பளமும் குறைந்திருக்கும். இகாமா எனும் வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது ஸ்பொன்சரான தொழில்தருநரின் கையில் இருக்கும்வரை அந்தத் தாளை மறுப்பதற்குத் துணிவு வராது. கட்டாருக்கு 2010 இல் போட்டி வழங்கப்பட்டது. பழைய தொழில்தருநரின் சம்மதமின்றி வேலை மாறும் உரிமை 2020 இலும், 1,000 ரியால் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2021 மார்ச்சிலும் வந்தன. அதற்குள் அரங்குப் பணிகளில் பெரும்பகுதி முடிந்திருந்தது. சவூதியைத் தெரிவுசெய்தபோது அங்கே வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அப்படியொரு பொதுச் சம்பள எல்லை இருக்கவில்லை. மனித உரிமை ஆபத்தை 'நடுத்தரம்' என்று பீபா குறித்துவிட்டு நகர்ந்தது.

2030 குறைபாடற்றது என்று சொல்லவில்லை. ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்சில் தொடக்க ஆட்டம் ஆடும் அணி, அடுத்த ஆட்டத்துக்காகச் சுமார் 10,000 கிலோமீற்றர் பறக்க வேண்டும். அந்த மூன்று ஆட்டங்களையும் விட்டிருக்கலாம். மொரோக்கோவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலான கடல் மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீற்றர் மட்டுமே என்பதால் மீதித் திட்டம் இயல்பாகவே பொருந்துகிறது. சவூதியில் தூரப் பிரச்சினை குறைவு, நாட்காட்டிப் பிரச்சினை அதிகம்: கோடையில் ஆட முடியாது, கட்டாரைப் போல நவம்பர், டிசம்பருக்குத் தள்ளினாலோ 2034 இல் நோன்பு மாதம் அங்கே வந்து நிற்கிறது.

உண்மையான வாக்கெடுப்பு நடந்திருந்தால் என் வாக்கு, தென் அமெரிக்க ஆட்டங்களைக் கழித்த 2030 திட்டத்தின் பக்கம் விழுந்திருக்கும். சவூதிக்கு வழங்குவதாயின் அரங்கின் முதல் தூணுக்கு முன்பே மூன்று நிபந்தனைகளை எழுத்தில் கேட்டிருப்பேன்: எல்லா நாட்டவருக்கும் ஒரே சம்பள எல்லை, தடையின்றி வேலை மாறும் உரிமை, இங்கே கையொப்பமிட்ட ஒப்பந்தமே அங்கேயும் செல்லும் என்ற உறுதி.