ரோட்டரி இன்ஜினுக்கு எண்ணெய் எந்த வழியில்: பம்பா, பெட்ரோல் கலவையா, இரண்டுமா?

பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜினோடு வந்த மஸ்டா கார்களான ஆர்எக்ஸ்-7 அல்லது ஆர்எக்ஸ்-8 வாங்கியவர்கள் எல்லோரும் சீக்கிரமே இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். ரோட்டரின் முனைகளில் இருந்து, அதைச் சுற்றியுள்ள கூடான ஹவுசிங்கை உரசி ஓடும் அடைப்புப் பட்டையான ஏபெக்ஸ் சீலுக்கு வேண்டிய எண்ணெயை மஸ்டா வைத்துக்கொடுத்த ஆயில் மீட்டரிங் பம்ப் ஊட்டட்டுமா? அல்லது அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, டேங்கில் நாமே டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்துகொள்ளலாமா? என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். பம்ப் இருக்கட்டும். அது ஒழுங்காக ஊட்டுகிறதா என்று சோதித்துக்கொண்டு, கூடவே பெட்ரோலில் லிட்டருக்கு 4 மி.லி. கலந்து ஓட்டுங்கள். சாலையில் ஓடும் வண்டியில் பம்பைக் கழற்றிவிட்டுக் கலவையை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம்மூரில் ஆயில் கலந்த பெட்ரோல் என்றதும் லாம்பி ஸ்கூட்டரும் பழைய ஆட்டோவும்தான் நினைவுக்கு வரும். அந்த அளவை இங்கே கொண்டுவரக் கூடாது. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் பேரிங், பிஸ்டன் எல்லாமே அந்தக் கலவையால்தான் நனைய வேண்டும். அதனால்தான் லிட்டருக்கு 20 மி.லி.யும் அதற்கு மேலும் ஊற்றினார்கள். மஸ்டா ரோட்டரியில் பேரிங்குகளுக்கு சம்ப் ஆயில் (இன்ஜினின் அடித்தொட்டியான சம்பில் இருக்கும் எண்ணெய்) தனியாக அழுத்தத்தோடு போகிறது. கலக்கும் எண்ணெய்க்கு இருக்கும் ஒரே வேலை, ரோட்டரின் மூன்று முனைகளிலும் பக்கங்களிலும் இருக்கும் சீல்கள் ஹவுசிங்கில் உலர்ந்து உரசாமல் பார்த்துக்கொள்வது. 1986-க்குப் பிந்தைய 13பி என்ற மஸ்டா ரோட்டரி இன்ஜினில் ஏபெக்ஸ் சீல் 2 மி.மீ. தடிமன்தான். அது உரசும் ஹவுசிங் சுவரில் இருப்பது மெல்லிய குரோம் பூச்சு. அந்தப் பூச்சு போனால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். புது ஹவுசிங்கின் விலை தெரிந்தவர்கள் எண்ணெய்க் கணக்கில் கஞ்சத்தனம் காட்டமாட்டார்கள்.

பம்பின் வேலை எளியது. முன் கவரில் உட்கார்ந்து, ரோட்டர்கள் சுழற்றும் முக்கிய அச்சான எக்ஸென்ட்ரிக் ஷாஃப்டால் சுற்றி, சம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் எடுத்து மெல்லிய குழாய்கள் வழியே அனுப்புகிறது. எவ்வளவு அனுப்புவது என்பதை 1989-க்கு முந்தைய ஆர்எக்ஸ்-7-இல் த்ராட்டிலோடு இணைந்த ஒரு கம்பி தீர்மானித்தது. அதற்குப் பிறகு கணினி ஆட்டுவிக்கும் ஸ்டெப்பர் மோட்டார் வந்தது. ரோட்டரி வண்டி எண்ணெய் குடிப்பது இதனால்தான். ஓட்டும் விதத்தைப் பொறுத்து 1,500 முதல் 2,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குறைவது சகஜம். சாதாரண காரில் எண்ணெய் குறைந்தால் கவலைப்படுவோம். இங்கே ஆயிரம் கி.மீ. ஓடியும் டிப்ஸ்டிக்கில் மட்டம் அப்படியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

பம்பின் குறைகள் மூன்று. சம்பிலிருந்து போவது கார்பனும் பெட்ரோலும் கலந்த பழைய எண்ணெய். அதிலுள்ள துத்தநாகம், கால்சியம் போன்ற சேர்மானங்கள் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பல் சீல் உட்காரும் பள்ளத்தில் படிந்து, சீல் எழும்பித் தாழ முடியாமல் பிடித்துக்கொள்ளும். அடுத்தது, எண்ணெய் விழும் இடம். முதல் ஆர்எக்ஸ்-8-இல் ஒரு ரோட்டருக்கு இரண்டே நாசில்கள் (எண்ணெய் சொட்டும் நுனிகள்). சீலின் இரு ஓரங்களுக்கும் எண்ணெய் கிடைத்தது, நடுப்பகுதிக்குப் பற்றவில்லை. 2009-இல் வந்த சீரிஸ் 2-இல் மஸ்டாவே நடுவில் மூன்றாவது நாசிலைச் சேர்த்தது. மூன்றாவது குறைதான் ஆபத்தானது. ஸ்டெப்பர் மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்பது கணினிக்குத் தெரியும். நாசில் நுனிக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. குழாய் விரிசல் விட்டு எண்ணெய் வெளியே கசிந்தாலும் டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது.

கலவைக்காரர்களின் வாதம் இங்கேதான் வலுவாகிறது. டேங்கில் ஊற்றிய எண்ணெய் பெட்ரோலோடு மூடுபனி போல எல்லா இடத்துக்கும் போகிறது. ஏபெக்ஸ் சீலின் நடு, கார்னர் சீல், சைடு சீல் என்று ஒன்றையும் விடுவதில்லை. அது புது எண்ணெய், சாம்பலும் குறைவு. டர்போ வண்டியில் பாரம் ஏறும்போது பெட்ரோல் கூடுவதால் எண்ணெயும் தானாகவே கூடும். உடையும் குழாயோ அடைக்கும் நாசிலோ இல்லை. இந்த யோசனை புதிதும் இல்லை. 1974-இல் வந்த ஹெர்குலஸ் டபிள்யூ-2000 ரோட்டரி பைக்கிலேயே பெட்ரோலில் எண்ணெய் கலந்துதான் ஊற்றினார்கள்.

இத்தனையும் உண்மை. ஆனாலும் பம்பைக் கழற்றாதீர்கள் என்கிறேன். காரணம் ஒன்றே ஒன்று: ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்த நேரம்.

கம்பெனிக் கணினியோடு ஓடும் இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டால் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். இன்ஜின் ஐடிலை நெருங்கும்போதுதான் திரும்பக் கொடுக்கும். பெட்ரோல் இல்லையென்றால் கலவை எண்ணெயும் இல்லை. நகரத்தில் இது சில விநாடி சமாசாரம், சுவரில் ஒட்டியிருக்கும் படலமே சமாளித்துவிடும். ஜப்பானின் ஹகோனே மாதிரி மலைப்பாதையில் இரண்டாம் கியரில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் சுற்று காட்டும் மீட்டர் நிமிடத்துக்கு 4,500-இல் நிற்கிறது. கால் பிரேக்குக்கும் தரைக்கும்தான் போய்வருகிறது. ரோட்டர் ஷாஃப்டின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சீல்கள். ஆக, ஹவுசிங் சுவரின் எந்த ஒரு புள்ளியையும் நிமிடத்துக்கு 4,500 தடவை ஒரு சீல் வழித்துக்கொண்டு போகிறது. இரண்டு நிமிட இறக்கத்தில் 9,000 தடவை. அத்தனையும் புதிதாக ஒரு துளி எண்ணெய்கூட வராமல்.

அப்போது எரிப்பு இல்லை, சீலைப் பின்னாலிருந்து அழுத்தும் வாயு அழுத்தமும் குறைவு என்று பதில் சொல்வார்கள். சரிதான். ஆனால் சீலுக்குக் கீழே ஸ்பிரிங் இருக்கிறது, மையவிலக்கு விசையும் வெளியே தள்ளுகிறது. இரண்டும் பெட்ரோலைப் பார்த்து நிற்பதில்லை. இதனால் ஒரே நாளில் சீல் உடைந்துவிடாது. தேய்மானம் மெல்ல ஏறி, கம்ப்ரெஷன் மெல்ல இறங்கும். சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். பம்ப் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுவதால், பெட்ரோல் நின்றாலும் அதன் குறைந்தபட்ச அளவை ஊட்டிக்கொண்டே இருக்கும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், கலவை மட்டுமே போதுமான வண்டிகள் எவை என்றும் தெரிந்துவிடும். கார்புரேட்டர் உள்ள முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7-இல் கால் எடுத்தாலும் ஐடில் வழியே பெட்ரோல் வந்துகொண்டிருக்கும், கூடவே எண்ணெயும். வெளிக்கம்பெனி கணினி வைத்து, பெட்ரோல் நிறுத்தத்தை அணைத்துவைத்த ரேஸ் வண்டிக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே பம்பை எடுத்துவிட்டு லிட்டருக்கு 8 முதல் 10 மி.லி. கலந்து ஓட்டுவது நியாயமான தேர்வு. அதைவிடக் கூட்டுவதைப் பெரிய டர்போ வண்டியில் ட்யூன் செய்பவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். எண்ணெய் கூடினால் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கி, அது நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங் வர வாய்ப்பு கூடும். ஏபெக்ஸ் சீலை உடைப்பதில் நாக்கிங்கை மிஞ்ச எதுவும் இல்லை.

கழற்றியே தீருவேன் என்பவர்களுக்கு: முன் கவரில் பம்ப் இருந்த இடத்தை ஓ-ரிங் வைத்த மூடித் தகட்டால் அடைக்க வேண்டும். ஹவுசிங்கில் நாசில் இருந்த ஓட்டைகளை வாஷரோடு போல்ட் போட்டு மூட வேண்டும். 1989-க்குப் பிந்தைய வண்டியில் கம்பெனிக் கணினியே இருந்தால், ஸ்டெப்பர் மோட்டாரின் மின் இணைப்பை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் கணினி பாதுகாப்பு நிலைக்குப் போய் இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். இன்னொன்று, சம்ப் எண்ணெய் இனிமேல் குறையாது. நாம் இடையிடையே ஊற்றிய புது எண்ணெய் நின்றுபோவதால் சம்பில் பெட்ரோல் கலப்பு ஏறிக்கொண்டே போகும். 5,000 கி.மீ.க்குள் எண்ணெய் மாற்றிவிட வேண்டும். வண்டியை வேறு யாராவது எடுத்துப்போய்ப் பெட்ரோல் போட்டு வந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பம்பை வைத்துக்கொண்டே, அதற்கும் கவருக்கும் நடுவில் ஒரு அடாப்டர் தகடு போட்டு, சம்புக்குப் பதிலாகத் தனி டப்பாவிலிருந்து டூ-ஸ்ட்ரோக் ஆயிலை எடுக்க வைப்பது. இதை ஸோன் அடாப்டர் என்பார்கள். யமஹா ஆர்எக்ஸ் 100-இல் தனியாக ஒரு 2டி (டூ-ஸ்ட்ரோக் ஆயில்) டேங்க் இருந்ததே, அதே ஏற்பாடு. எண்ணெய் சுத்தமானது, கால் எடுத்தாலும் ஊட்டும், சம்பில் எந்த வகை ஆயிலையும் ஊற்றிக்கொள்ளலாம். காகிதத்தில் இதுதான் சிறந்தது. டப்பா காலியானால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும், அதை வண்டி உங்களிடம் சொல்லாது. மட்டம் காட்டும் சென்சாரும் எச்சரிக்கை விளக்கும் வைக்காமல் இதைப் பொருத்தவே பொருத்தாதீர்கள். எண்ணெய் விழும் இடம் அதே நாசில்கள்தான் என்பதால், முதல் ஆர்எக்ஸ்-8-இல் சீலின் நடுப்பகுதிக்கு எண்ணெய் பற்றாத பிரச்சினை இதிலும் அப்படியே இருக்கும்.

இனி நான் சொல்லும் இரட்டை வழி. எண்ணெய்த் தேர்வில் பெரிய குழப்பம் வேண்டாம். ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரமுள்ள, சாம்பல் குறைந்த டூ-ஸ்ட்ரோக் ஆயில், அல்லது படகு மோட்டாருக்கான சாம்பலற்ற டிசி-டபிள்யூ3 ஆயில், அல்லது இடெமிட்சு ரோட்டரிக்கென்றே விற்கும் பிரீமிக்ஸ் ஆயில். நான்கு-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலை டேங்கில் ஊற்றக் கூடாது. முன்னே சொன்ன சாம்பல்தான் காரணம்.

அளவைப் போடும் பெட்ரோலுக்குக் கணக்கிடுங்கள், டேங்க் கொள்ளளவுக்கு இல்லை. 40 லிட்டர் போட்டால் 160 மி.லி. எண்ணெயை முதலில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் நிரப்பினால் பாய்ச்சலிலேயே கலந்துவிடும். ஒருமுறை கலந்த எண்ணெய் பெட்ரோலிலிருந்து பிரியாது. லிட்டருக்கு 8 கி.மீ. தரும் வண்டியில் ஆயிரம் கி.மீ.க்கு அரை லிட்டர் எண்ணெய்தான் ஆகும். 85 சதவீத எத்தனால் எரிபொருள் போடுபவர்கள் மட்டும், வாங்கிய எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் அதே எரிபொருளோடு குலுக்கி ஒருநாள் வைத்துப் பாருங்கள். அடியில் அடுக்கு தெரிந்தால் அந்த எண்ணெய் ஆகாது. அளவு கூடினால் ஸ்பார்க் பிளக்குகள் ஈரக் கறுப்பாகும். அப்படி இருந்தால் அளவைக் குறையுங்கள்.

பம்பைச் சோதிப்பதை ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். ஒளி ஊடுருவும் நைலான் குழாயை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி மெல்ல நாசிலை நோக்கி நகர்ந்தால் அந்த வழி உயிரோடு இருக்கிறது. அதே இடத்தில் நின்றால் அந்த வழி ஊட்டவில்லை. நாசிலைக் கழற்றி, எண்ணெய் வரும் பக்கம் ஊதினால் காற்று போக வேண்டும். இன்ஜின் பக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் உள்ளே உள்ள வால்வு கெட்டுவிட்டது. கார்புரேட்டர் கிளீனரில் கழுவிப் பாருங்கள், தேறாவிட்டால் மாற்றுங்கள். பிறகு தட்டையான இடத்தில் சம்பை மேல்கோடு வரை நிரப்பி, 1,000 கி.மீ. ஓட்டி, எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். நிறையக் குறைவதோடு, ஐடிலில் நின்று கிளம்பும்போது நீலப்புகையும் வந்தால் பம்பைச் சந்தேகிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் எண்ணெய் எரியும் அறைக்குக் கசியாமல் தடுக்கும், ரோட்டரின் ஆயில் கன்ட்ரோல் ரிங்தான் காரணம். ஊற்ற வேண்டியதே இல்லை என்றால் பம்பைத்தான் பார்க்க வேண்டும்.

குழாய்கள் இன்ஜின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து காய்ந்தவை. வளைத்தால் நுனி இணைப்பிலேயே பட்டென்று முறியும். வேறு வேலைக்காக ஒதுக்கும்போதும் மொத்தமாகக் கொத்தோடு பிடித்து நகர்த்துங்கள். மாற்றினால், குழாயை இணைக்கும் துளையுள்ள போல்டான பான்ஜோ போல்டின் இருபக்க வாஷரும் புதிதாகப் போடுங்கள். பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் சிரிஞ்சால் எண்ணெய் நிரப்பிவிடுங்கள். வெறுங்குழாயாகப் பொருத்தினால் பம்ப் துளித்துளியாகத் தள்ளி அந்தக் காற்றை வெளியேற்றும்வரை சீல்கள் வறண்டே ஓடும். அந்த முதல் டேங்குக்கு மட்டும் 4-க்குப் பதிலாக லிட்டருக்கு 8 மி.லி. கலந்துகொள்ளுங்கள். குழாயில் குமிழி இல்லை என்று பார்த்த பிறகு பழைய அளவுக்கு வாருங்கள்.