வாசிமா, வக்காரா?

பாகிஸ்தானின் இந்த இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களில் யார் பெரியவர் என்ற சண்டையைச் சராசரியை (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) மட்டும் வைத்துக்கொண்டு தீர்க்க முடியாது. வாசிம் அக்ரம் 104 டெஸ்டில் 414 விக்கெட், சராசரி 23.62. வக்கார் யூனிஸ் 87 டெஸ்டில் 373, சராசரி 23.56. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: வக்கார் சுமார் 43 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தார், வாசிமுக்கு ஏறக்குறைய 55 பந்து தேவைப்பட்டது. அப்படியிருந்தும் என் ஓட்டு வாசிமுக்குத்தான்.

வக்கார் ஆரம்பித்த வேகம் அப்படி. 1989-ல் கராச்சியில் அவருக்கும் டெண்டுல்கருக்கும் ஒரே நாளில் அறிமுக டெஸ்ட். டெண்டுல்கரை 15 ரன்னில் போல்டாக்கினார். மறுவருடம் நியூசிலாந்துக்கு எதிராக மூன்றே டெஸ்டில் 29 விக்கெட். நீண்ட ஓட்டம், பக்கவாட்டில் சுழன்று வரும் கை, கடைசி நொடியில் உள்ளே வளைந்து கால்விரலைத் தேடும் யார்க்கர் (மட்டையாளரின் காலடியில் குத்தும் பந்து). பந்து பழசாகி ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால் வால் ஆட்டக்காரர்கள் காலைக் காப்பதா, ஸ்டம்பைக் காப்பதா என்று திணறுவார்கள்.

ஆனால் முதுகு தாங்கவில்லை. எலும்பு முறிவால் 1992 உலகக் கோப்பையில் ஆடவே முடியவில்லை. பிறகு வேகம் குறையக் குறைய, யார்க்கர் கொஞ்சம் தவறினாலும் அடி விழுந்தது. 1996 உலகக் கோப்பைக் கால் இறுதியில், பெங்களூரில், இந்தியாவுக்கு எதிராக முதல் எட்டு ஓவரில் 27 ரன்தான் கொடுத்திருந்தார். அவருடைய கடைசி இரண்டு ஓவரில் அஜய் ஜடேஜா கூட்டணி 40 எடுத்தது. (காயத்தால் ஆடாத வாசிமுக்குத்தான் ஊரில் அதிக வசவு!) 2001-ல் ஹெடிங்லி ஒருநாள் ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 36 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தாரே என்பீர்கள். சரி, மறுக்கவில்லை. ஒருநாள் போட்டியில் 13 முறை ஐந்து விக்கெட் எடுத்தவர். வாசிம் 6 முறைதான்.

வாசிமுக்கு வேகம் ஒரு ஆயுதம் மட்டுமே. குட்டி ஓட்டம், சட்டென்று சுழலும் இடது கை, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. 1992 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராகப் போட்ட அந்த இரண்டு பந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டம்பின் மறுபக்கமாக (ரவுண்ட் த விக்கெட்) வந்து போட்ட பந்து ஆலன் லாம்பைத் தாண்டி வெளியே போய் ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. அடுத்ததே கிறிஸ் லூயிஸுக்கு உள்ளே வளைந்து, மட்டையின் உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பில் போய் விழுந்தது. அதே கை, அதே ஓட்டம், எதிரெதிர் திசை.

1999 சேப்பாக்கம் டெஸ்டில் இருவரையும் ஒரே இன்னிங்ஸில் பார்க்கலாம். இந்தியா 271 இலக்கைத் துரத்தியபோது புதுப் பந்தில் ரமேஷையும் லக்ஷ்மணையும் வக்கார்தான் அனுப்பினார். அப்புறம் திராவிடை போல்டாக்கியது வாசிம். அந்தப் பந்துக்கு எந்தத் தடுப்பாட்டமும் போதாது. முதல் டெஸ்ட் ஆடிப் பதினான்கு வருடம் ஆனவர், சர்க்கரை நோயோடு, கேப்டன் பொறுப்பையும் சுமந்துகொண்டு போட்ட பந்து அது. பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது.

பேட்டிங்கில் போட்டியே கிடையாது. வாசிம் 1996-ல் ஜிம்பாப்வேக்கு எதிராக 257 அடித்தவர், அதில் 12 சிக்ஸர். ஆனாலும் வக்காரும் கைகொடுத்ததுண்டு: 1992 லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 138-ஐத் துரத்திய பாகிஸ்தான் 95 ரன்னுக்கு 8 விக்கெட் இழந்து தத்தளித்தபோது வாசிம் 45-ம் வக்கார் 20-ம் அவுட்டாகாமல் எடுத்து ஜெயிக்க வைத்தார்கள்.