எஃப்.இ. ஆசிரியர் பயிற்சி: அவார்டா, டிப்ளமோவா, பிஜிசிஇ-யா, அப்ரென்டிஸ்ஷிப்பா?

இங்கிலாந்தில் எஃப்.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஃபர்தர் எஜுகேஷன் கல்லூரியில் பாடம் நடத்த, ஆசிரியர் சான்றிதழ் சட்டப்படி கட்டாயம் இல்லை. 2007-இல் கட்டாயமாக்கினார்கள். லிங்ஃபீல்டு பிரபு தலைமையிலான குழு 2012-இல் அது வேண்டாம் என்று சொன்ன பிறகு எடுத்துவிட்டார்கள். பிளம்பிங், முடிதிருத்தம், கணக்கு, ஆங்கிலம், கார் மெக்கானிக் என்று பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எல்லாம் கற்றுத்தரும் இடம் இது. அதனால் கையில் தொழில் இருந்தால் போதும், நேராக உள்ளே போய்விடலாம் என்ற பேச்சு இன்னமும் உலவுகிறது. பாதி உண்மை. வேலை கிடைக்கலாம், ஆனால் பெரும்பாலும் நியமனக் கடிதத்திலேயே 'இத்தனை காலத்துக்குள் லெவல் 5 முடிக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். (லெவல் என்பது தகுதிகளின் படிநிலை எண்: 3 மேல்நிலைப் பள்ளி அளவு, 6 இளங்கலை, 7 முதுகலை.) ஆக, எப்படியும் படிக்கத்தான் போகிறீர்கள். எதை, எப்போது, யார் காசில் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் ஒரு வருடம் மிச்சம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பழைய விளம்பரங்களில் வரும் பிடிஎல்எல்எஸ், சிடிஎல்எல்எஸ், டிடிஎல்எல்எஸ் மூன்றில் முதல் இரண்டும் லெவல் 3 அல்லது 4, மூன்றாவது லெவல் 5. அடுத்து ஏஇடி (லெவல் 3 அவார்டு), சிஇடி (லெவல் 4 சர்டிஃபிகேட்), டிஇடி (லெவல் 5 டிப்ளமோ) என்று பெயர் மாறின. 2024 செப்டம்பரில் டிஇடி-யின் இடத்துக்கு 'டிப்ளமோ இன் டீச்சிங்' வந்தது. கல்லூரி மனிதவளத் துறையினர் இந்த மூன்று தலைமுறைப் பெயர்களையும் ஒரே விளம்பரத்தில் கலந்து எழுதுவார்கள். மிரள வேண்டாம், லெவல் எண்ணைப் பாருங்கள்.

லெவல் 3 அவார்டு: வாசல் மட்டும்

12 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு). முன் அனுபவம், வேலை, மாணவர்கள் எதுவும் தேவையில்லை. சில நாள் வகுப்பு, கொஞ்சம் எழுத்து வேலை, கடைசியில் 'மைக்ரோ டீச்'. உடன் படிப்பவர்களையே மாணவர்களாக உட்காரவைத்துக் குறைந்தது 15 நிமிடம் பாடம் நடத்த வேண்டும்.

இந்தப் பதினைந்து நிமிடத்தில் திணறுபவர்கள் பெரும்பாலும் தொழிலைக் கரைத்துக் குடித்தவர்கள்தான். எலக்ட்ரீஷியன் ஒருவர் 13 ஆம்பியர் பிளக்கில் ஒயர் மாட்டக் கற்றுத்தருகிறார் என்று வையுங்கள். பாடத்திட்டத் தாளில் 'மாணவர் பிளக்கின் அமைப்பைப் புரிந்துகொள்வார்' என்று எழுதினால் அங்கேயே சறுக்கல். புரிந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? 'பழுப்பு ஒயரை ஃபியூஸ் பக்கத்து முனையிலும், நீலத்தை நியூட்ரலிலும், பச்சை-மஞ்சளை எர்த்திலும் உதவியின்றி மாட்டுவார்' என்று எழுதினால் கண்ணால் பார்த்து டிக் அடிக்கலாம். நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: 2 நிமிடம் முன்னுரை, 3 நிமிடம் செய்து காட்டல், 7 நிமிடம் மாணவர் கை வேலை, 3 நிமிடம் சரிபார்ப்பு. ஓம் விதியில் தொடங்குபவருக்குப் பன்னிரண்டாவது நிமிடத்திலும் ஸ்க்ரூடிரைவர் மேசையில்தான் கிடக்கும். ஆளுக்கொரு பிளக் கொண்டுவராமல் ஒன்றையே சுற்றுக்கு விடுபவருக்கும் அதே கதிதான். வகுப்பில் நிறக்குருடு உள்ளவர் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் தாளில் ஒரு வரி வேண்டும். எர்த் ஒயரில் இரண்டு நிறக் கோடு இருப்பதே அவர்களுக்கும் அடையாளம் தெரிய உதவும் என்று சொல்லிக் கொடுத்தால் பாடமும் ஆயிற்று, பயிற்சித் தாளும் நிறைந்தது.

இந்த அவார்டை வைத்து 'தகுதி பெற்ற ஆசிரியர்' என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தனியார் பயிற்சி நிறுவனம், மாலை நேர வகுப்பு, வேலையிடத்தில் புதியவர்களைப் பழக்குவது இவற்றுக்குப் போதும். ஆசிரியர் வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க மலிவான வழியும் இதுதான். ஆன்லைனில் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். அந்தச் சான்றிதழ், தகுதிகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஆஃப்க்வாலின் பதிவேட்டில் இருக்கிறதா? மைக்ரோ டீச் உண்மையாக நடக்கிறதா? பாடமே நடத்தாமல் வரும் சான்றிதழ் அச்சுக்கூலிக்குக்கூடப் பெறாது.

நடுவில் லெவல் 4 ஒன்று உண்டு. 36 கிரெடிட், 30 மணி நேரப் பயிற்சி, மூன்று முறை மேற்பார்வை (உங்கள் வகுப்பை ஒருவர் வந்து பார்த்து மதிப்பிடுவது). பழைய டிஇடி-க்குள் இதன் கிரெடிட்டுகள் நகர்ந்தன. புதிய டிப்ளமோவிலும் அப்படியே நகரும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். முழுத் தகுதிதான் குறி என்றால் இதைத் தாண்டிப் போவதே மேல்.

லெவல் 5-ஆ, பிஜிசிஇ-யா?

உண்மையான போட்டி இங்கேதான். புதிய லெவல் 5 டிப்ளமோவும், பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஆசிரியர் சான்றிதழான எஃப்.இ. பிஜிசிஇ-யும் இப்போது ஒரே தொழில்தரத்தை அடிப்படையாகக் கொண்டவை. கல்லூரி வேலைக்கு இரண்டும் முழுத் தகுதிதான். பிஜிசிஇ-க்குப் பட்டம் வேண்டும். டிப்ளமோவுக்கு நீங்கள் கற்றுத்தரும் துறையில் லெவல் 3 அல்லது அதற்கு மேல் இருந்தாலே பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். பட்டம் இல்லாத கொத்தனாரோ சமையல் கலைஞரோ பிஜிசிஇ கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. அதே வகுப்பறை, அதே பதவி.

பிஜிசிஇ என்ற நான்கு எழுத்துக்குள் இரண்டு ஒளிந்திருக்கின்றன. 'போஸ்ட்கிராஜுவேட்' என்றால் லெவல் 7, வழக்கமாக 60 முதுகலை கிரெடிட் சேரும். 'புரொஃபெஷனல் கிராஜுவேட்' என்றால் லெவல் 6, முதுகலை கிரெடிட் கிடையாது. பின்னாளில் எம்.ஏ. எஜுகேஷன் முடிக்க நினைப்பவர் சேர்க்கைக் கடிதத்தில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று: எஃப்.இ. பிஜிசிஇ படித்தால் பள்ளி ஆசிரியர் தகுதியான க்யூடிஎஸ் வராது. இதைத் தெரியாமல் சேர்ந்துவிட்டு ஜூன் மாதம் விழிப்பவர்கள் உண்டு.

எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது பட்டத்தைவிட அதிகமாகப் பயிற்சி நேரம்தான். பழைய டிஇடி-க்கு 100 மணி நேரமும், எட்டு மேற்பார்வையும் போதும். புதிய டிப்ளமோ கேட்பது குறைந்தது 250 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரி ஆண்டில் கற்பிக்கும் வாரங்கள் சுமார் 36. ஒரே ஆண்டில் முடிக்க வாரத்துக்கு ஏழு மணி நேரம் வேண்டும். இரண்டு ஆண்டில் என்றால் மூன்றரை. வாரம் ஒரு மாலை வகுப்பு, இரண்டு மணி நேரம் மட்டும் எடுப்பவருக்கு இரண்டு ஆண்டில் சேருவது 144. பழைய முறையில் தாராளமாகத் தப்பித்திருப்பார். இப்போது பாதி வழியில் நின்றுவிடுவார். அந்த 250-இல் எந்தெந்த வேலை எண்ணப்படும், நேரில் எவ்வளவு, ஆன்லைனில் எவ்வளவு என்பதைச் சேருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கல்லூரியில் வாரம் ஏழெட்டு மணி நேரம் பாடம் நடத்துபவருக்கு லெவல் 5-ஐப் பணியிலிருந்தபடியே படிப்பது நல்ல வழி. சம்பளம் வரும், கட்டணத்தைக் கல்லூரியே ஏற்கவும் கூடும். இதிலும் பள்ளம் உண்டு. செப்டம்பரில் தந்த கால அட்டவணை அக்டோபர் முடிவில் சுருங்கும். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் இரண்டு குழுக்களை ஒன்றாக்கிவிடுவார்கள். உங்கள் ஏழு மணி நேரம் நாலாகும். அடுத்து மேற்பார்வை. இதை வசந்தகாலம் வரை தள்ளிப்போட்டால் மே மாதத்தில் தேர்வு வந்துவிடும், வகுப்பில் பார்க்க ஆளே இருக்காது. கிறிஸ்துமஸுக்கு முன் இரண்டாவது முடிந்திருக்க வேண்டும். மூன்றாவதாக மென்டர், அதாவது உங்களுக்கு வழிகாட்டும் மூத்த ஆசிரியர். உங்கள் பாடமே எடுக்கும் மென்டர் வேண்டும். வெல்டிங் ஆசிரியருக்குச் சுற்றுலாத் துறை மென்டர் கொடுத்தால், வகுப்பை அடக்கி ஆளும் முறையைப் பற்றிப் பேசுவார். வெல்டிங் பட்டறையில் பத்துப் பேரை ஒருவரே எப்படிக் கண்காணிப்பது என்பதை அவரால் சொல்ல முடியாது.

கையில் வேலையே இல்லாத பட்டதாரிக்கு முழுநேர பிஜிசிஇ பொருந்தும். செப்டம்பரில் தொடங்கி அடுத்த கோடையில் முடியும். பயிற்சியிடத்தை வழக்கமாகப் பல்கலைக்கழகமே பிடித்துத் தரும். தனியாகக் கல்லூரி கல்லூரியாக மின்னஞ்சல் அனுப்பி இடம் தேடிய எவரும் இதன் அருமையைச் சொல்வார்கள். 'பயிற்சியிடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் இடத்தில், கல்லூரியின் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை கட்டணம் கட்ட வேண்டாம்.

பணம்

முழுநேர பிஜிசிஇ கட்டணம் பல இடங்களில் மாணவர் கடனுக்கான உச்சவரம்பையொட்டி இருக்கும். 2025–26-க்கு அது 9,535 பவுண்டு. பயமுறுத்தும் தொகைதான், ஆனால் சில பாடங்களுக்கு அரசு தரும் பர்சரி என்ற உதவித்தொகை இதைப் புரட்டிப் போடுகிறது. 2024–25-இல் கணிதம், அறிவியல், பொறியியல், கம்ப்யூட்டிங்குக்கு 30,000 பவுண்டும், சிறப்புத் தேவை மாணவர் கல்விக்கு 15,000-மும், ஆங்கிலத்துக்கு 12,000-மும் தந்தார்கள். வரி கிடையாது. தொகையும் பாடப் பட்டியலும் ஆண்டுதோறும் மாறுவதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் பட்டியலை மட்டும் நம்புங்கள். பணியிலிருந்தபடி படிப்பவருக்கும் அப்ரென்டிஸுக்கும் இது இல்லை. ஆக, கணிதப் பட்டதாரி ஒருவர் அவசரப்பட்டு முதலில் வேலையில் சேர்ந்துவிட்டால் பர்சரியைக் கோட்டைவிடுகிறார். முடிதிருத்தமோ உணவகத் தொழிலோ கற்றுத்தர வருபவருக்கு அப்படி இழக்க எதுவுமில்லை. அவர் வேலையைப் பிடித்துக்கொண்டு படிப்பதே லாபம்.

கணிதத்துக்கு ஏன் இவ்வளவு? பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வில் கிரேடு 4 (தேர்ச்சி) வாங்காமல் வருபவர், கணிதத்தையும் ஆங்கிலத்தையும் தொடர்ந்து படித்தால்தான் கல்லூரிக்கு அவர் பெயரில் நிதி வரும். 2014 முதல் இது நிபந்தனை. தச்சு வேலை படிக்க வந்த பையனும் கணக்கு வகுப்பில் உட்கார வேண்டும். எனவே ஆசிரியர் பஞ்சம் தீருவதாக இல்லை. அந்த வகுப்பு எளிதென்று எண்ணி வராதீர்கள். ஒருமுறை தோற்ற பாடத்தை மறுபடி படிக்க வைக்கப்பட்டவர்கள் எதிரே இருப்பார்கள்.

வேலைக்கு வந்த பிறகும் ஒன்று உண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டிங், பொறியியல், கட்டுமானம், சிறுபிள்ளைக் கல்வி ஆகியவற்றில் முதல் ஐந்து ஆண்டுக்குள் இருப்பவருக்கு ஆண்டுக்கு 6,000 பவுண்டு வரை ஊக்கத்தொகை 2024–25-இல் தொடங்கியது. சம்பளத்தைப் பொறுத்தவரை கல்லூரிகள் தாங்களே முடிவு செய்கின்றன. கல்லூரிகள் சங்கத்தின் பரிந்துரை எந்தக் கல்லூரியையும் கட்டுப்படுத்தாது. ஒரே நகரத்தில் இரண்டு கல்லூரியில் இரண்டு விலை பேசுவார்கள், இரண்டு இடத்திலும் கேட்டுப்பாருங்கள்.

அப்ரென்டிஸ்ஷிப்: கேட்க இனிக்கும்

'லேர்னிங் அண்ட் ஸ்கில்ஸ் டீச்சர்' லெவல் 5 அப்ரென்டிஸ்ஷிப்பில் நீங்கள் ஒரு பைசா கட்ட வேண்டாம். முதலாளி தன் லெவி (பெரிய நிறுவனங்கள் பயிற்சிக்காகக் கட்டும் வரி) கணக்கிலிருந்தோ அரசோடு பங்கிட்டோ கட்டுவார். டிப்ளமோ இதற்குள்ளேயே அடங்கும். கடைசியில் தனி மதிப்பீட்டாளர் வந்து வகுப்பைப் பார்ப்பார், உட்கார்ந்து உரையாடுவார்.

சிக்கல் நேரத்தில். அப்ரென்டிஸுக்கு வேலை நேரத்துக்குள்ளேயே படிப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டும் (2025 ஆகஸ்டுக்கு முன் முழுநேரத்தவருக்கு அது வாரம் சராசரி ஆறு மணி நேரமாக இருந்தது). ஆள் பற்றாக்குறையுள்ள துறையில் இந்தப் படிப்பு நேரம்தான் முதலில் களவு போகும். விடுப்பில் போனவரின் வகுப்பை உங்கள் தலையில் கட்டுவார்கள். அட்டவணையில் அந்த நேரம் நிறம் போட்டு அடைக்கப்பட்டிருக்கிறதா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் சாதாரண லெவல் 5-ஐயே படியுங்கள். இங்கிலாந்துக்குப் புதிதாகக் குடிவந்த தமிழர்கள் கவனிக்க வேண்டியது: அப்ரென்டிஸ்ஷிப் நிதிக்குப் பொதுவாக மூன்று ஆண்டு வதிவிட விதி உண்டு. பிஜிசிஇ-க்குப் போகிறவர்கள் சென்னை, யாழ்ப்பாணப் பட்டங்களுக்கு முன்கூட்டியே, வெளிநாட்டுத் தகுதிகளை ஒப்பிடும் அமைப்பான யுகே எனிக்கின் ஒப்பீட்டுச் சான்று வாங்கிவிடுவது நல்லது. ஜிசிஎஸ்இ-க்கு இணையான ஆங்கிலம், கணிதம் காட்டவில்லை என்பதாலேயே நல்ல பொறியாளர்கள் வாசலில் நிற்கிறார்கள். அதற்கு மாற்றாக ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 தேர்வு எழுதினால் பல இடங்களில் ஏற்பார்கள்.

பிறகு க்யூடிஎல்எஸ்

லெவல் 5 அல்லது பிஜிசிஇ முடித்தவர் சொசைட்டி ஃபார் எஜுகேஷன் அண்ட் டிரெய்னிங்கில் உறுப்பினராகி, சில மாதம் தொகுப்பேடு தயாரித்துப் பெறும் தொழில் தகுதி இது. கல்லூரிக்குள் இது இல்லாமலும் காலம் தள்ளலாம். பள்ளிக்கூடத்துக்குத் தாவ நினைப்பவருக்குத்தான் இதன் மதிப்பு. 2012 ஏப்ரல் முதல் இங்கிலாந்துப் பள்ளிகளில் க்யூடிஎஸ்-க்கு இணையாக இது செல்லும், புதிய ஆசிரியருக்கான இண்டக்ஷன் காலமும் தேவையில்லை. ஆனால் உறுப்பினர் சந்தாவை நிறுத்தினால் அந்த இணைத்தகுதியும் நின்றுவிடும். சில தலைமையாசிரியர்களுக்கு இந்த விதியே தெரியாது. விண்ணப்பத்தோடு அரசு வழிகாட்டுதலின் அந்தப் பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள். பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத்தான் ஆசை என்று இப்போதே தெரிந்தால் இந்தச் சுற்று வழி எதற்கு? நேராக க்யூடிஎஸ் உள்ள இடைநிலை பிஜிசிஇ-க்குப் போங்கள், அதை வைத்துக் கல்லூரியிலும் வேலை கேட்கலாம். ஸ்காட்லாந்துக்குக் குடிபெயரும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு. அங்கே கல்லூரி ஆசிரியருக்குரிய தகுதி டிக்யூஎஃப்இ, பதிவு செய்வது ஸ்காட்லாந்தின் ஆசிரியர் மன்றம்.