விலை உயர்ந்த மடிக்கணினியில் எதை எதிர்பார்க்கலாம்?

இவ்வளவு பணம் கொடுத்த பிறகு ஒரு குறைகூட இருக்கக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் எல்லோரும் விலை உயர்ந்த மடிக்கணினியின் பெட்டியைப் பிரிக்கிறார்கள். அலுமினிய உடலும் 2880×1800 பிக்சல் ஓஎல்இடி திரையும் (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை) கொண்ட, மிக மெல்லிய மாடல் ஒன்றைச் சில ஆண்டுகளாகத் தினமும் பயன்படுத்துகிறேன். எழுத்து, படத்தொகுப்பு, அவ்வப்போது வீடியோ வேலை எல்லாம் அதில்தான். இத்தனை நாள் புழங்கியதில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு: இந்த வகைக் கணினியில் நம்மை உறுத்தும் குறைகளில் பல, எந்த வசதிக்காக விலை கூடியதோ அந்த வசதியோடு ஒட்டிப் பிறந்தவை.

திரையையே எடுத்துக்கொள்வோம். சாதாரண 1920×1080 திரையில் 20,73,600 பிக்சல்கள். என் திரையில் 51,84,000, அதாவது இரண்டரை மடங்கு. எண்ணிக்கை கூடக் கூட, அவற்றில் ஒன்றாவது எரியாமல் போக வாய்ப்பும் கூடுகிறது. ஐஎஸ்ஓ 9241-307 தரநிலை திரைகளைப் பல வகுப்புகளாகப் பிரித்து, பத்து லட்சம் பிக்சல்களுக்கு எத்தனை பழுது இருக்கலாம் என்று வரையறுக்கிறது. ஒன்றிரண்டு பழுதுபட்ட பிக்சல்களுக்காகத் திரையை மாற்றித் தர முடியாது என்று பல நிறுவனங்களின் வாரண்டி விதிகளிலேயே இருக்கும். ஆகவே பிக்சல் குறித்துக் கவலைப்படுகிறவர்கள் அந்தப் பத்தியை வாங்குவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். என் திரையின் கீழ் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில், மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தால்தான் தெரியும்.

புள்ளியைவிட எனக்குப் பெரிய தொல்லை கொடுத்தது வேறு. பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது நொடிக்கு 240 முறை போல அணைந்து அணைந்து எரிகின்றன. பலருக்கு இது தெரியவே தெரியாது. எனக்கோ இரவில் வெளிச்சத்தைத் தாழ்த்தி ஒரு மணி நேரம் படித்தால் கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி வரும். வெளிச்சத்தைச் சற்று உயர்த்தியே வைத்து, மென்பொருள் வழியாகத் திரையை இருட்டாக்கிக்கொண்ட பிறகுதான் நிம்மதி. கண் கூச்சமுள்ளவர்கள் வாங்கும் முன் கைப்பேசி கேமராவின் ஷட்டர் வேகத்தைக் கூட்டி, வெளிச்சம் குறைந்த திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் புரிந்துவிடும். கறுப்பு நிறம் இந்தத் திரையில் முழுக் கறுப்பாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னால் விளக்கு வைத்த எல்சிடி வகையான ஐபிஎஸ் திரைகளில் இருட்டறையில் மூலைகள் வெளிறித் தெரிவதும், தலையை அசைத்தால் அந்த வெளிறல் இடம் மாறுவதும் அவற்றின் இயல்பு. அதைப் பழுது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அடுத்து வருவதும் அப்படித்தான் இருக்கும்.

அலுமினிய உடலில் ஒரு விஷயம் பலரைப் பயமுறுத்துகிறது. சார்ஜ் ஏறும்போது மணிக்கட்டை உலோக விளிம்பில் வைத்து மெல்ல நகர்த்தினால் தோல் சுரசுரவென்று அதிரும். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசிவதே காரணம். எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில் அது உடலுக்கு வருகிறது. எர்த் உள்ள மூன்று முள் கம்பியை மாற்றியதும் எனக்குச் சுத்தமாக நின்றுவிட்டது. சுள்ளென்று ஷாக் அடித்தால் அது வேறு கதை. உடனே சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும்.

சூடும் அப்படித்தான். மெல்லிய உடலுக்குள் இருக்கும் சிறிய விசிறி வேகமாகச் சுழன்றாக வேண்டும், அதனால் சத்தமும் கூர்மையாக இருக்கும். இன்றைய பிராசசர்கள் பல, 100 டிகிரி செல்சியஸ் வரை போய், அதன்பின் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. 95 என்று பார்த்ததும் பதற வேண்டியதில்லை. நீண்ட வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது முதல் சில நிமிடங்களின் வேகம் பிறகு இருக்காது என்பதுதான் நடைமுறையில் உறைக்கும். நாள் முழுவதும் அதே வேலை என்றால் தடித்த, கனமான கணினியே மேல்.

இனி, விட்டுக்கொடுக்கக் கூடாதவை. கீல் தளர்வது, வைஃபை அடிக்கடி அறுபடுவது, மூடித் திறந்தால் விழிக்காமல் போவது, ஒரு விசை இரண்டு முறை பதிவது. இவற்றைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். டார்ச் அடித்துத் தேடுவதைவிட, அன்றாட வேலையை அதிலேயே செய்வது நல்ல சோதனை. என் கணினியில் வாரண்டி முடிவதற்குள் இடைவெளி விசை இரட்டையாகப் பதிய ஆரம்பித்தது. விசைப்பலகை மேல்தட்டோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருந்ததால் மேல்பாகம் முழுவதையும் மாற்றினார்கள். வாரண்டி இல்லாதிருந்தால் ஒரு விசைக்காக அத்தனைக்கும் நான் பணம் கட்டியிருக்க வேண்டும். எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் அதுதான். விலை உயர்ந்த பொருளிடம் நாம் உரத்துக் கேட்க வேண்டியது பழுது பார்க்கும் வசதியை. அதை யாரும் கேட்பதில்லை, விளம்பரத்திலும் அது வருவதில்லை.

பேட்டரி இப்போது புதிதில் தந்ததில் ஐந்தில் நான்கு பங்கு தருகிறது. லித்தியம் அயனுக்கு இது வயதுக்கேற்ற தேய்மானம்தான். மேசையில் இருக்கும்போது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திக்கொள்ளும் அமைப்பைப் போட்டிருப்பதும் உதவியிருக்கும். பேட்டரி திருகாணிகளால் பொருத்தப்பட்டிருப்பதால் புதியதைப் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதாக இருக்கிறேன். ரேம் மட்டும் பலகையோடு பற்றவைத்தது, பின்னால் கூட்ட வழியே இல்லை. இதுபோன்ற மாடலை வாங்குகிறவர்கள், பணத்தை எங்காவது கூடுதலாகச் செலவழிப்பதென்றால் 16 ஜிபியை விட்டு 32 ஜிபியில் செலவழியுங்கள்.