திரிசூலமா, கண்ணா? மொராக்கோ ட்ரைலோபைட் வாங்குமுன்

மொராக்கோவின் அல்னிஃப், எர்ஃபூத் ஊர்க் கடைகளிலிருந்து வரும் டெவோனியன் கால (பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) ட்ரைலோபைட்டுகளில், அதாவது அழிந்துபோன கடல்வாழ் ஓட்டுயிரிகளின் புதைபடிவங்களில், சேகரிப்பாளரை இழுப்பவை இரண்டு. தலையிலிருந்து திரிசூலம் நீட்டி நிற்கும் வாலிசெராப்ஸ் ஒன்று. முள் இல்லாத, தடித்த உடலும் பெரிய கண்ணும் கொண்ட டிரோட்டாப்ஸ் மெகலோமானிகஸ் இன்னொன்று. ஒரே விலைக்கு இரண்டும் கிடைத்தால் என் கை டிரோட்டாப்ஸுக்குத்தான் போகும். அழகில் திரிசூலத்தோடு அது போட்டி போட முடியாது. ஆனால் எது அசல் ஓடு, எது பிசின் என்று வாங்குபவரே பார்த்துச் சொல்ல முடிவது அதில்தான்.

பழுதுபார்ப்பையும் புனைவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உடைந்த உடலை அதன் துண்டுகளாலேயே ஒட்டியிருந்தால் அது பழுதுபார்ப்பு. அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். இல்லாத பாகத்தைப் பிசினால் செய்து வைத்திருந்தால் மீட்டமைப்பு. எத்தனை பங்கு என்று கேட்டுத்தான் விலை பேச வேண்டும். ஒன்றின் தலையும் வேறொன்றின் வாலும் சேர்ந்திருந்தால், அல்லது முழுக்க அச்சில் வார்த்ததாக இருந்தால், விட்டுவிடலாம்.

பழுதுபார்ப்புக்கு ஏன் இவ்வளவு இடம் தருகிறேன் என்றால், பிளவு இல்லாமல் இந்தப் பாறையிலிருந்து ட்ரைலோபைட் வெளியே வருவது அரிது. சுண்ணாம்புப் பாறையைச் சுத்தியலால் பிளக்கிறார்கள். பிளந்த முகத்தில் ஓட்டின் குறுக்குவெட்டு கறுப்புக் கோடாகத் தெரிகிறது. இரண்டு பாதியையும் ஒட்டிவிட்டு, காற்றழுத்த உளியாலும், காற்றோடு மென்தூளைப் பீய்ச்சும் தூள் வீச்சாலும் மேல்பாறையைக் கழிக்கிறார்கள். அதனால் நல்ல கல்லில் விரிசல் பாறையில் தொடங்கி, உடலைக் கடந்து, மறுபக்கப் பாறையிலும் தொடர வேண்டும். திருப்பினால் பக்கவாட்டிலோ அடியிலோ அதே கோடு தெரிய வேண்டும். உடலின் ஓரத்தோடு நின்றுபோகும் விரிசல், உடலைத் தனியாகக் கொண்டுவந்து பதித்ததற்கு அடையாளம். உடலைச் சுற்றி மட்டும் பாறையின் நிறமோ துகள்களின் பருமனோ மாறியிருந்தாலும் அதே சந்தேகம்தான். விரிசலே இல்லாத பெரிய கல் என்றால் இன்னும் கூர்ந்து பாருங்கள்.

இனி கண். டிரோட்டாப்ஸ் கண்ணில் ஒவ்வொரு வில்லையும் தனித்தனி மணி. தேன்கூட்டு அடுக்கில் வரிசை பிசகாமல் நிற்கும். பத்து மடங்கு லென்ஸை எடுத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். அசலில் மணிக்கும் மணிக்கும் நடுவே நிழல் விழும். வார்ப்பில் அந்த இடுக்கு அடைபட்டு மணிகள் தட்டையாகியிருக்கும். ஊசிமுனை அளவில் உருண்டையான காற்றுக் குமிழிக் குழிகளும் தெரியலாம். கையால் செதுக்கியதில் மணிகளின் அளவு ஒத்துவராது, வரிசை கோணும். தூள் வீச்சு அதிகமானால் அசல் கண்ணும் தேய்ந்துபோகும் என்பதால் ஒரு கண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்று அசலாகவும் மற்றொன்று புனைவாகவும் இருப்பதும் உண்டு.

வாலிசெராப்ஸில் இப்படிப் பிடிமானம் குறைவு. முள் மெல்லியது, கறுப்புச் சாயம் பூசிய பிசின் முள்ளை லென்ஸில் பார்த்தாலும் ஏமாந்துவிடலாம். எல்லா முள்ளும் ஒரே உயரம், நுனிவரை ஒரே தடிமன், அடியில் பசை வளையம் இருந்தால் கீழே வையுங்கள். ஒவ்வொரு முள்ளையும் நுண்ணோக்கியின் கீழ் நாள்கணக்கில் விடுவிக்க வேண்டும். விலை அந்த உழைப்புக்கே கட்டாது என்றால் முள் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசியுங்கள்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் இரண்டுக்கும் உதவும். இருட்டறையில் பசைக்கோடு பெரும்பாலும் நீலவெண்மையாக ஒளிரும். சாயம் கலந்த பிசின் ஒளிராமலும் போகலாம். ஆகவே ஒளிர்ந்தால் சான்று, ஒளிராததை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சியும் அப்படித்தான்: சாயம் இறங்கினால் பிடிபட்டது, இறுகிய எபாக்சிப் பிசின் அசைந்து கொடுக்காது. நல்ல பழுதுபார்ப்பின் பசையையும் அது இளக்கிவிடும் என்பதால் ஓரத்தில், விற்பவர் அனுமதியோடு மட்டும். அமிலச் சொட்டு வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புத்தூள் கலந்த போலியும் பொங்கும், அசலையும் அமிலம் அரித்துவிடும்.

மறுவிற்பனைக்கும் இதுவே கணக்கு. விரிசல், இரு கண்கள், அடிப்பக்கம், புற ஊதா வெளிச்சம் என ஐந்தாறு படங்களும், எந்தப் பாகம் மீட்டமைப்பு என்ற குறிப்பும் கல்லோடு இருந்தால் அடுத்தவர் பேரம் பேச ஒன்றுமில்லை. வாலிசெராப்ஸுக்கு இதே குறிப்பு எழுத உட்கார்ந்தால் முள் முள்ளாகச் சந்தேகம் வரும்.

இரண்டுக்கும் கை எட்டாதவர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து எல்ராதியா கிங்கி என்ற ட்ரைலோபைட்டை எடுக்கலாம். களிப்பாறையிலிருந்து தானாகவே கழன்று வரும், மலிவு. போலி செய்பவருக்கு லாபமில்லை.

திரிசூலம்தான் வேண்டும் என்றால், இரண்டொரு முள் ஒடிந்து, ஒடிந்தபடியே விடப்பட்ட கல்லைத் தேடுங்கள். ஒடிந்த முனையில் ஓட்டின் வெட்டுமுகம் தெரியும். லென்ஸுக்கு அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது.