கொளுத்தும் வெயிலில் சன்ரூஃபா, மூடிய கூரையா?

வருஷத்தில் பாதி நாள் வெயில் கொளுத்தும் இடத்தில் கார் ஓட்டுகிறவருக்கு நான் சாதாரண இரும்புக் கூரையைத்தான் சொல்வேன். அதற்கு அடியில் உள்துணியும் காற்று இடைவெளியும் இருப்பதால் சூடு மெல்லத்தான் இறங்கும். சன்ரூஃப் என்பது கூரையில் பதித்த, திறந்து மூடும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியோ, எவ்வளவு கறுப்புச் சாயம் ஏற்றியிருந்தாலும், வெயிலில் ஒரு பகுதியை நேராக உள்ளே விட்டுவிடும், இன்னொரு பகுதியை உறிஞ்சித் தானும் சூடாகி உச்சந்தலைக்கு மேல் அனல் வீசும், ஏசி அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். உள்திரையை மூடினால் ஓரளவு குறையும். ஆனால் பகல் முழுக்க மூடியே வைப்பதற்கு எதற்குக் கூடுதல் காசு? கூரையின் பெரும்பகுதி கண்ணாடியாக இருக்கும் சில பனோரமிக் மாடல்களில் வருவது மெல்லிய துணித்திரைதான், வாங்கும் முன் இழுத்துப் பாருங்கள்.

சன்ரூஃபுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் சன்ரூஃப் கண்ணாடியின் பின்முனையை மட்டும் தூக்கிவிட்டால் மேலே தேங்கிய சூடான காற்று சட்டென வெளியேறும். ஜன்னல்களை இறக்கினாலும் கிட்டத்தட்ட அதே வேலை நடக்கும் என்பது வேறு விஷயம். இரவுப் பயணத்தில் திறந்து போவது சுகம்தான்.

அப்புறம் பராமரிப்பு. சன்ரூஃபின் மூலைகளில் உள்ள வடிகால் குழாய்களைத் தூசியும் இலையும் அடைத்தால் மழைநீர் காருக்குள்ளேயே இறங்கும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரும் வெயிலில் காய்ந்து விறைக்கும். தலைக்கு மேல் இடம் கொஞ்சம் குறையும், உயரமானவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குழந்தைகளைத் தலையை வெளியே நீட்டி நிற்க மட்டும் விடாதீர்கள், சடன் பிரேக் ஒன்று போதும்.