வீட்டில் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புக்குக் கண்ணாடித் தொட்டியா, பிவிசி பிளாஸ்டிக் பெட்டியா?

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ பக்கம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலைக் கழிக்கும் பாம்பு இது. இருட்டு வேண்டும், 60 சதவீதமாவது ஈரப்பதம் வேண்டும்.

கண்ணாடித் தொட்டிக்கு மேலே வலை மூடி. விளக்கைப் போட்டால் ஈரம் அப்படியே வெளியேறிவிடும். அடியில் பரப்பி, காலையில் தண்ணீர் தெளித்த தேங்காய் நார்த்தூள் மாலைக்குள் உதிரியாகிவிடும். பாதி வலையை அலுமினியத் தாளால் மூடிச் சமாளிக்கலாம், சரி. மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டும். அப்புறம் எதற்குக் கண்ணாடி?

பிவிசியில் சூடும் ஈரமும் நிற்கும். கதவு முன்னால் இருப்பதால் கை மேலிருந்து இறங்காது. மேலிருந்து வருவதெல்லாம் பாம்புக்குப் பருந்துதான். விலை மட்டும் கூடுதல். என் ஓட்டு பிவிசிக்கே.

எதை வாங்கினாலும் சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம்: சூடான பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26.